சத்துக் கணக்குச் செயலியும் ஒரு சிறு தராசும்: 90 நாள் பயன்படுத்திய பின்

ரத்தப் பரிசோதனைத் தாளில் ஃபெரிட்டின் என்ற வரிக்கு எதிரே 9 என்று இருந்தது. உடல் சேமித்து வைத்திருக்கும் இரும்புச்சத்தைக் காட்டும் எண் அது. பெரியவர்களுக்கு 15-க்குக் கீழே இறங்கினால் சேமிப்பு ஏறக்குறைய தீர்ந்துவிட்டது என்று பொருள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதற்கும், சீவும்போது கைநிறைய முடி உதிர்வதற்கும், மாலை நான்கு மணிக்கெல்லாம் கண்கள் சொருகுவதற்கும் விடை கிடைத்தது. மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, “ஒரு நாளில் என்னென்ன சாப்பிடுகிறீர்கள், எவ்வளவு?” என்று கேட்டார். என்னென்ன என்பதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். எவ்வளவு என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. இருபது வருடமாக நானே சமைக்கிறேன், நானே பரிமாறுகிறேன். ஆனால் என் தட்டில் எத்தனை கிராம் பருப்பு விழுகிறது என்று எனக்குத் தெரியாது.

அன்று மாலையே கைபேசியில் ஒரு சத்துக் கணக்குச் செயலியை இறக்கிக்கொண்டேன். அதோடு சமையலறைக்கென்று ஒரு சிறிய மின்னணுத் தராசும் வாங்கினேன். இரண்டையும் 90 நாள், ஒரு நாள்கூட விடாமல் பயன்படுத்திவிட்டு இதை எழுதுகிறேன். செயலியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இந்த வகையில் நிறைய இருக்கின்றன, வேலை செய்யும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான். எனக்கு உதவிய இடங்களும் என்னை ஏமாற்றிய இடங்களும் மற்றவற்றுக்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

முதலில் தராசு. ஒரு கிராம் வரை காட்டும் தட்டையான சாதாரணத் தராசுதான். கிண்ணத்தை வைத்து ஒரு பொத்தானை அழுத்தினால் எண் பூஜ்யமாகிவிடும். அதன்பின் போடும் பொருளின் எடை மட்டும் தெரியும். ஒரே பாத்திரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் பூஜ்யமாக்கி எடை பார்க்கலாம் என்பதால் சமையல் தாமதமாவதில்லை. ஒரே ஒரு சிக்கல்: உப்பு, எள் போன்றவற்றைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவினால் தராசு அசைவதே இல்லை, பூஜ்யத்திலேயே நிற்கிறது. இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். உப்பு டப்பாவைத் தராசின்மேல் வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டு, டப்பாவிலிருந்து உப்பை எடுக்க வேண்டும். எடுத்த அளவு கழித்தல் குறியோடு சரியாகத் தெரிகிறது. இப்படிப் பார்த்தபோதுதான் எங்கள் வீட்டில் நான்கு பேருக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 34 கிராம் உப்பு போடுகிறேன் என்று தெரிந்தது. ஒருவருக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. இதற்குச் செயலிகூடத் தேவைப்படவில்லை, தராசே போதுமானதாக இருந்தது. பத்து நாளில் 22-க்குக் கொண்டுவந்தேன். சுவை குறைந்ததாக வீட்டில் யாரும் சொல்லவில்லை.

செயலிக்கு வருகிறேன். உணவின் பெயரைத் தேடி, எடையைக் கொடுத்தால் முப்பதுக்கும் மேற்பட்ட சத்துகளின் அளவு பட்டைப் பட்டையாக விரிகிறது. அன்றைய தேவையில் எத்தனை சதவீதம் வந்துவிட்டது என்று ஒவ்வொரு பட்டையும் காட்டும். எட்டாதவரை சிவப்பு, எட்டிவிட்டால் பச்சை. பார்க்க மிகத் தெளிவாக இருக்கிறது. எழுத்து பெரிது, விளம்பரம் குறைவு. ஒருமுறை பதிந்த சமையலைப் பெயரிட்டுச் சேமித்து வைத்தால் அடுத்த முறை ஒரே தொடுதலில் சேர்த்துக்கொள்ளலாம். முதல் வாரம் நாளைக்கு 25 நிமிடம் எடுத்த பதிவு மூன்றாவது வாரத்தில் 6 நிமிடமாகிவிட்டது. இந்த அளவில் எனக்கு முழுத் திருப்தி.

நான் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவள். ஒரு அட்டவணையைப் பார்த்தால் பொருந்தாத எண் முதலில் கண்ணில் படும். அப்படியும் முதல் மூன்று நாள் ஏமாந்துபோனேன். வேகவைத்த பருப்பு 180 கிராம் என்று எடை பார்த்துவிட்டு, செயலியில் வேகாத பருப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். பெயர்ப் பட்டியலில் இரண்டும் அடுத்தடுத்து இருக்கின்றன, வேறுபாடு ஒரு சிறிய சொல்லில் மட்டும்தான். வேகாத பருப்பில் 100 கிராமுக்கு இரும்புச்சத்து 6.5 மி.கி.; வெந்த பிறகு தண்ணீரை இழுத்துக்கொண்டு கனத்துவிடுவதால் அதே 100 கிராமில் 3.3 மி.கி.தான். எனக்கு 11.7 மி.கி. என்று காட்டியது உண்மையில் 5.9. நான்காம் நாள், பருப்பிலிருந்து மட்டும் 44 கிராம் புரதம் என்று வந்திருப்பதைப் பார்த்துத்தான் சந்தேகம் எழுந்தது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் பருப்பு, அரிசி, கடலை ஆகிய மூன்றுக்கும் வெந்ததா வேகாததா என்பதை ஒவ்வொரு முறையும் பாருங்கள். மற்ற எந்தத் தவறும் கணக்கை இந்த அளவுக்குப் புரட்டாது.

அடுத்து அரிசி. செயலி பெரும்பாலான எண்களை அமெரிக்க வேளாண்துறையின் உணவுப் பட்டியலிலிருந்து எடுத்திருக்கிறது. நல்ல பட்டியல்தான், கவனமாகத் தொகுக்கப்பட்டது. ஆனால் வெள்ளை அரிசி என்று தேடினால் முதலில் வருவது சத்துச் செறிவூட்டிய அரிசி. தீட்டும்போது போன சத்துகளை ஆலையில் திரும்பச் சேர்த்தது. அதில் வேகாத 100 கிராமுக்கு இரும்பு 4 மி.கி.க்கு மேல், தயமின் 0.58 மி.கி. செறிவூட்டாத தீட்டிய அரிசியில் இரும்பு 0.8, தயமின் 0.07 மட்டுமே. தயமின் என்பது வைட்டமின் பி1. தீட்டிய அரிசியை மட்டுமே உண்டவர்களைப் பெரிபெரி நோய் ஏன் முடக்கியது என்ற கேள்விதான் வைட்டமின் என்ற எண்ணத்துக்கே வழிவகுத்தவற்றுள் ஒன்று. அந்த ஆய்வுக்காகவே டச்சு மருத்துவர் எய்க்மனுக்கு 1929-ல் நோபல் பரிசு கிடைத்தது. அவ்வளவு பெரிய வேறுபாட்டை இந்தச் செயலி ஒரு சிறிய எழுத்துக் குறிப்பில் விட்டுவிடுகிறது. நான் வாங்கும் பையில் செறிவூட்டியது என்ற குறிப்பு எதுவும் இல்லை. பதிவை மாற்றியதும் என் இரும்புக் கணக்கில் நாளைக்கு 5 மி.கி. காணாமல் போயிற்று. பிறகு வாரத்தில் நான்கு நாள் தீட்டாத அரிசிக்கு மாறினேன். தயமின் பட்டை அதனால்தான் நிமிர்ந்தது. தீட்டாததை வேகவைக்கக் கூடுதல் நேரமும் தண்ணீரும் வேண்டும், முன்கூட்டி ஊறவைத்தால் எளிது.

கீரை விஷயத்தில் எனக்கு மிகுந்த பெருமிதம் இருந்தது. வாரத்தில் ஐந்து நாள் கீரை சமைக்கிறேன், எனக்கு எப்படி இரும்புச்சத்து குறையும் என்று மருத்துவரிடமே கேட்டவள் நான். தராசில் வைத்தபோது என் பங்குக்கு விழுந்தது 60 கிராம். பச்சையாக 100 கிராம் பசலைக்கீரையில் இரும்பு 2.7 மி.கி. என் வயதுப் பெண்களுக்கு அமெரிக்க அளவுப்படி நாளொன்றுக்கு 18 மி.கி. தேவை, ஆண்களுக்கு 8 போதும். கீரையை மட்டும் நம்பியிருந்தது ஏன் போதவில்லை என்பதை ஒரே பார்வையில் புரியவைத்ததற்காகச் செயலிக்கு நன்றி சொல்ல வேண்டும். வெந்த கொண்டைக்கடலையில் 100 கிராமுக்கு 2.9 மி.கி. பருப்பும் கடலையும் சேர்ந்தால் ஒரு வேளைக்கு 200 கிராம் சாப்பிடுவது கடினமில்லை, கீரையை அந்த அளவு சாப்பிட முடியாது.

ஆனால் இதே கீரையில்தான் செயலியின் பெரிய ஓட்டையையும் கண்டேன். 100 கிராம் பசலைக்கீரையில் கால்சியம் 99 மி.கி.; 100 மி.லி. பாலில் சுமார் 120. செயலி இரண்டையும் ஒரே பட்டையில் கூட்டுகிறது. எண்ணளவில் அது சரி. உடலுக்குள் நடப்பது வேறு. பசலைக்கீரையில் ஆக்சலேட் மிகுதி. அது கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் 5 சதவீதம் அளவுக்குத்தான் உடலில் சேர்கிறது. பாலில் 30 சதவீதத்துக்கு நெருக்கமாகச் சேரும். ஆக்சலேட் குறைந்த முட்டைக்கோஸ் வகைக் கீரைகளிலும் புரொக்கோலியிலும் உள்ள கால்சியம் பாலுக்கு இணையாகவோ அதைவிட நன்றாகவோ சேர்கிறது. பச்சைப் பட்டையைப் பார்த்து நிம்மதியடைந்து பாலையும் தயிரையும் குறைத்துக்கொள்கிற ஒருவருக்கு இந்தக் கணக்கு தீங்கு செய்யும். ஆக்சலேட் என்ற சொல் செயலியின் எந்த மூலையிலும் இல்லை.

இதைவிடப் பெரிய பாடம் ஐந்தாவது வாரம் கிடைத்தது. செயலியின் பதிவுகளை இரண்டு பக்கமாக அச்சிட்டு மருத்துவரிடம் கொண்டுபோனேன். உணவுப் பெயர், எடை, நேரம் எல்லாம் இருந்தன. இரும்பு சராசரியாக 16 மி.கி. அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “தேநீர் எங்கே?” என்றார். நான் தேநீரைப் பதிந்திருக்கவே இல்லை. அதில் கணக்கிடும்படி என்ன சத்து இருக்கிறது என்று விட்டுவிட்டேன். “எப்போது குடிப்பீர்கள்?” சாப்பிட்டு முடித்த கையோடு, மூன்று வேளையும். அவர் தாளின் ஓரத்தில் மூன்று வட்டம் போட்டுக் கொடுத்தார்.

தாவர உணவிலுள்ள இரும்பு இயல்பாகவே எளிதில் சேராதது. 2 முதல் 20 சதவீதம் வரை என்று சொல்கிறார்கள். அந்த இடைவெளியில் நாம் எங்கே நிற்கிறோம் என்பதை அதே தட்டில் கூட என்ன இருக்கிறது என்பது முடிவுசெய்கிறது. தேநீரிலும் காப்பியிலும் உள்ள துவர்ப்புப் பொருள்கள் இரும்பைப் பிடித்துக் கழித்துவிடுகின்றன. வைட்டமின் சி எதிர்த்திசையில் வேலை செய்து இரும்பை உடல் ஏற்கும் வடிவுக்கு மாற்றிக் கொடுக்கிறது. ஆக, நான் 16 மி.கி. சாப்பிட்டு, கூடவே அதைத் தடுக்கும் பானத்தையும் குடித்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து தேநீரைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளிவைத்தேன். பருப்பை இறக்கியபின் எலுமிச்சை பிழிகிறேன், ஏனென்றால் அடுப்பிலேயே விட்டால் வைட்டமின் சி சூட்டில் போய்விடும். சாப்பாட்டோடு ஒரு ஆரஞ்சு அல்லது அரைக் கொய்யா. ஆரஞ்சில் 100 கிராமுக்குச் சுமார் 53 மி.கி., கொய்யாவில் 228. முன்பு பழத்தை மாலையில் தனியாகச் சாப்பிடுவேன். அதே பழம், அதே பருப்பு, நேரம் மட்டும் மாறியது. செயலியின் எந்தப் பட்டையும் இதற்காக ஒரு கோடுகூட நகரவில்லை.

சமைக்கும் முறையைப் பொறுத்தவரை செயலி பாதிதான் உதவுகிறது. பச்சை, வேகவைத்தது, சில காய்களுக்கு ஆவியில் வெந்தது என்று தனித்தனிப் பதிவுகள் உண்டு. வேகவைத்த தண்ணீரைக் கொட்டினோமா, குழம்பிலேயே சேர்த்தோமா என்று கேட்பதில்லை. ஃபோலேட் என்ற பி வகை வைட்டமினும் வைட்டமின் சி-யும் தண்ணீரில் கரைபவை. நிறையத் தண்ணீரில் கொதிக்கவைத்து வடித்தால் ஃபோலேட்டில் பாதி வரை அந்தத் தண்ணீரோடு போகும். ஆவியில் வேகவைத்தால் பெரும்பகுதி தங்கும். நான் புரொக்கோலியையும் பீன்ஸையும் இப்போது ஆவியில்தான் வேகவைக்கிறேன். வடிக்க நேர்ந்தால் அந்த நீரைப் பருப்பில் சேர்த்துவிடுகிறேன். பசலைக்கீரை மட்டும் விலக்கு; ஆக்சலேட்டும் தண்ணீரில் கரைவதால் சிறுநீரகக் கல் வந்த என் கணவருக்கு அதை வடித்துத்தான் கொடுக்கிறேன். கேரட் வேறு வகை. அதிலுள்ள, உடலில் வைட்டமின் ஏ-ஆக மாறும் பீட்டா கரோட்டின் கொழுப்பில் கரைவது. எண்ணெயே இல்லாமல் பச்சையாகக் கடித்தால் கொஞ்சம்தான் சேரும். வேகவைத்து ஒரு தேக்கரண்டி எண்ணெயோ, கூட நாலைந்து பாதாமோ இருந்தால் நன்றாகச் சேரும். பாதாமைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: வைட்டமின் ஈ பட்டை என்னிடம் எப்போதும் சிவப்பாக இருந்தது. 28 கிராம் பாதாமில் 7 மி.கி.க்குச் சற்று மேல் இருக்கிறது, நாள் தேவை 15. ஒரு கைப்பிடியில் பாதித் தேவை நிறைவேறும் இப்படிப்பட்ட செய்திகளைச் செயலி அழகாக எடுத்துக் காட்டுகிறது.

வைட்டமின் டி-யைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 90 நாளும் அந்தப் பட்டை சிவப்பிலேயே இருந்தது. தேவை 15 மைக்ரோகிராம். ஒரு முட்டையில் சுமார் 1. கொழுப்பு மிக்க மீன், செறிவூட்டிய பால், வெயிலில் காயவைத்த காளான் ஆகியவற்றை விட்டால் அன்றாட உணவில் அது மிகச் சொற்பம். மனிதர்களுக்கு அந்தச் சத்தின் பெரும்பகுதி தோலில் படும் வெயிலிலிருந்து வருகிறது. வெயிலைப் பதிய செயலியில் இடம் இல்லை. அந்தச் சிவப்பைப் பார்த்துப் பயந்து தானாகவே அதிக அளவு மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள். வைட்டமின் டி உடலில் தங்கிச் சேர்வது, மிகையானால் ரத்தத்தில் கால்சியத்தை ஏற்றிவிடும். ரத்தப் பரிசோதனை செய்து, மருத்துவர் சொன்ன அளவில் எடுப்பதே சரி.

என்னை உண்மையிலேயே கவலைக்குள்ளாக்கியது என் மாமனாரின் கணக்கு. அவருக்கு வயது 71. சைவ உணவு மட்டும். நீரிழிவுக்குப் பல வருடமாக மெட்ஃபார்மின் எடுக்கிறார். ஆர்வத்தில் அவருக்கும் இரண்டு வாரம் பதிந்து பார்த்தேன். வைட்டமின் பி12 தேவை 2.4 மைக்ரோகிராம். அவர் குடிக்கும் இரண்டு கோப்பைப் பாலும் ஒரு கிண்ணத் தயிரும் சேர்ந்து பட்டை முழுப் பச்சை. ஆனால் அவருக்குக் கால் மரத்துப்போவதாகச் சில மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்; நீரிழிவால் என்றே எல்லோரும் நினைத்திருந்தோம். என் மருத்துவர் அந்த மாத்திரையின் பெயரைக் கேட்டதுமே பி12 பரிசோதனை எழுதினார். மிகக் குறைவு. நெடுநாள் மெட்ஃபார்மின் எடுத்தால் பி12 உறிஞ்சப்படுவது குறையும். வயதானால் வயிற்றின் அமிலமும் குறைந்து, உணவோடு ஒட்டியிருக்கும் பி12-ஐப் பிரித்தெடுக்க முடியாமல் போகும். ஊசி போட்டார்கள். செயலியின் பச்சையை நம்பியிருந்தால் இன்னும் ஒரு வருடம் போயிருக்கும். நரம்புக்கு நேரும் சேதம் சில நேரம் திரும்பாது என்பதால் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். சைவ உணவுக்காரர்களும், அறுபதைக் கடந்தவர்களும், இந்த மாத்திரை எடுப்பவர்களும் பி12-க்குச் செயலியைப் பார்க்காமல் பரிசோதனைக்கூடத்துக்குப் போங்கள்.

இதே பி12-இல் தரவுப் பிழையும் இருந்தது. செயலியில் மற்ற பயனர்கள் தாங்களாகவே உணவைச் சேர்க்கலாம். ஸ்பைருலினா (ஒரு வகைப் பாசி) பொடி என்று ஒருவர் சேர்த்த பதிவில் ஒரு கரண்டியில் நாள் தேவையைவிடப் பல மடங்கு பி12 இருப்பதாகப் போட்டிருந்தது. அதில் இருப்பது பெரும்பாலும் பி12 போலத் தோற்றமளிக்கும், மனித உடலுக்குப் பயன்படாத ஒரு பொருள். பால்கூடச் சேர்க்காத முழுச் சைவர் ஒருவர் அதை நம்பினால் என்னாவது? பிழை என்று இரண்டு முறை எழுதினேன். ஐந்து வாரம் கழித்துத்தான் நீக்கினார்கள். பயனர் சேர்த்த பதிவுகளுக்கு அருகில் ஒரு சிறிய ஆள் உருவம் இருக்கும். அந்த உருவம் உள்ளவற்றைத் தொடாதீர்கள்.

இன்னொரு குறையை உடனே சரிசெய்ய வேண்டும் என்பது என் வேண்டுகோள். பட்டை 100 சதவீதத்தைத் தாண்டினால் எவ்வளவு தாண்டினாலும் பச்சைதான். என் கணவர் ஒரு நாள் ஆட்டு ஈரல் சாப்பிட்டார். 100 கிராமில் வைட்டமின் ஏ 7000 மைக்ரோகிராமுக்கு மேல். தொடர்ந்து எடுத்துக்கொள்ளத்தக்க மேல்வரம்பு நாளைக்கு 3000. செயலி 800 சதவீதம் என்று பச்சையில் காட்டி, பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் போட்டது. ஒரு நாள் சாப்பிட்டதால் அவருக்கு எதுவும் ஆகாது. ஆனால் கருவுற்ற பெண்கள் ஈரலைத் தவிர்க்கச் சொல்வதே இந்த வைட்டமின் ஏ மிகையால்தான். அதே செயலியில் கருவுற்றவர்களுக்கென்று தனித் தேர்வும் இருக்கிறது, அங்கும் நட்சத்திரம் விழுகிறது. கேரட்டிலிருந்து வரும் பீட்டா கரோட்டினுக்கு இந்த ஆபத்து இல்லை, மிஞ்சினால் தோல் சற்று மஞ்சளாகும். இரண்டையும் செயலி பிரித்துக் காட்டுவதில்லை.

தேவை அளவு என்பதைப் பற்றியும் அங்கே ஒரு வரி விளக்கம் போட்டிருக்கலாம். ஆரோக்கியமானவர்களில் 97 முதல் 98 சதவீதத்தினருக்குப் போதுமாறு உயர்த்தி வைத்த அளவு அது. அதனால் ஒரு நாள் 80 சதவீதத்தில் நின்றால் குறைபாடு என்று ஆகிவிடாது. நாட்டுக்கு நாடு அளவும் மாறும். வைட்டமின் சி-க்கு உணவு வேளாண்மை நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து 2004-ல் வெளியிட்ட பட்டியலில் பெரியவர்களுக்கு 45 மி.கி.; அமெரிக்கப் பட்டியலில் பெண்களுக்கு 75. அமைப்புகளுக்குள் மூன்று படி உள்ளே போனால் எந்தப் பட்டியல் வேண்டும் என்று தேர்வு செய்யலாம்; ஏழு நாள் சராசரி பார்க்கும் வசதியும் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. நாள் கணக்கை அணைத்துவிட்டு வாரச் சராசரியைப் போட்டபிறகுதான் எனக்கு இந்தச் செயலியோடு வாழ முடிந்தது. அயோடினுக்குப் பட்டையே இல்லை. அயோடின் சேர்த்த உப்பு வாங்குகிறீர்களா என்று பையைத் திருப்பிப் பாருங்கள்.

இப்போது எழுதுவது எளிதாக இல்லை. என் மகளுக்கு 14 வயது. நான் தினமும் தட்டைத் தராசில் வைப்பதைப் பார்த்துவிட்டுத் தானும் செயலியை இறக்கிக்கொண்டாள். முதல் வாரம் மகிழ்ச்சியாக இருந்தது. பால் குடிக்க மறுக்கிறவள் கால்சியம் பட்டைக்காகக் குடித்தாள். இரண்டாம் வாரம் அவளுடைய கண் சத்துகளை விட்டுவிட்டு மேலே பெரிய எழுத்தில் இருக்கும் கலோரி எண்ணுக்குப் போயிற்று. ஒரு இரவு ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டு, “இன்றைக்கு இவ்வளவுதான் மிச்சம் அம்மா” என்றாள். நான் அவள் கைபேசியிலிருந்து செயலியை அன்றே எடுத்தேன். அவள் முன்னால் எடை பார்ப்பதையும் நிறுத்தினேன். வளர்கிற வயதில் உடலுக்கு வேண்டியது பசி சொல்லும் அளவு. அதன் இடத்தில் ஒரு எண் வந்து உட்காருவதை நான் அனுமதிக்கமாட்டேன். உங்கள் வீட்டில் அந்த வயதுப் பிள்ளைகள் இருந்தால், அல்லது உங்களுக்கே உணவைப் பற்றிய அச்சம் முன்பு இருந்திருந்தால், இதை வாங்க வேண்டாம். என்னைப் போன்றவர்கள் கலோரி வரியை மறைத்துவிட்டுப் பயன்படுத்தலாம். அமைப்புகளில் அதற்கு வழி இருக்கிறது.

90-ஆம் நாள் பரிசோதனையில் ஃபெரிட்டின் 34. இதில் பெரும்பங்கு மாத்திரையுடையது. இவ்வளவு கீழே இறங்கிய சேமிப்பை உணவு மட்டும் மூன்று மாதத்தில் நிரப்பாது. மாத்திரையை நிறுத்தியபின் அது இறங்காமல் காக்க வேண்டியது உணவின் வேலை. அதற்கு நான் தயாராகிவிட்டேன் என்று சொல்லும் நம்பிக்கையை இந்த 90 நாள் கொடுத்திருக்கிறது.

தராசுக்கு ஐந்துக்கு ஐந்து. செயலிக்கு மூன்று. வெந்தது, வேகாதது என்பதைப் பெரிய எழுத்தில் போட்டு, மேல்வரம்பைத் தாண்டினால் நிறத்தை மாற்றினால் நான்கு கொடுப்பேன். கட்டணப் பதிப்பில் கூடுதலாகக் கிடைப்பது அச்சிடும் வசதி மட்டும்தான், ஆனால் மருத்துவரிடம் போகிற மாதத்துக்கு அது வேண்டும். ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். நான்கு வாரம் ஒழுங்காகப் பதிந்தாலே உங்கள் சமையலறையின் பழக்கம் முழுவதும் தெரிந்துவிடும். நான் 91-ஆம் நாள் பதிவை நிறுத்திவிட்டேன். அடுத்த ரத்தப் பரிசோதனை நான்கு மாதம் கழித்து. அதற்கு முந்தைய ஒரு வாரம் மட்டும் மறுபடி பதிந்து, தேநீர் நேரத்தையும் கையால் எழுதி, அச்சிட்டு எடுத்துப்போவேன்.